340 எம்பியில் இரண்டரை மணி நேரப் படம்: பன்னிரண்டாவது கோப்பு

வைகைக்கரையான்

மதுரையில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பிரின்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாகப் படுக்கை. வாரம் ஒரு புதுப் படம் கேட்பார். வீட்டில் இணையம் மந்தம் என்பதால், 300, 400 எம்பிக்குச் சுருக்கிய கோப்புகளாகத் தேடிக் கடை லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் டிவியில் செருகுவேன். பதினொரு படங்கள் இப்படிப் பார்த்தாயிற்று. ஒரு தொல்லையும் வந்ததில்லை.

பன்னிரண்டாவது படம் 340 எம்பி. சுருக்கிப் பூட்டிய ரார் கோப்பு. கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். பிரித்தால் உள்ளே படத்தின் பெயரில் ஒரே கோப்பு, வீடியோ பிளேயரின் ஆரஞ்சு நிறக் கூம்புடன். இருமுறை தட்டினேன். ஒரு கறுப்புச் சாளரம் வந்த வேகத்தில் மறைந்தது. படம் ஓடவில்லை. கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிட்டேன். மறுநாள் காலை மின்னஞ்சலுக்குள் நுழைய முடியவில்லை. மதியத்துக்குள் முகநூலில் என் பெயரில் யாரோ கிரிப்டோ விளம்பரம் போட்டிருந்தார்கள்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? முன்பு இறக்கிய பதினொன்றும் ஒழுங்காக ஓடினவே, அது எப்படி? தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். திருட்டுப் படம் என்று தெரிந்துதான் இறக்கினேன். திட்ட விரும்புகிறவர்கள் முதலில் பதில் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

கணினிக்கொத்தன்

திட்டுவது பிறகு. முதலில் அந்த லேப்டாப்பை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். கடவுச்சொற்களை அதே லேப்டாப்பில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், புதியதும் அவர்கள் கைக்கே போகும். வேறொரு நல்ல கணினியிலோ மொபைலிலோ மாற்றுங்கள். மின்னஞ்சலை மீட்டதும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் தகவல் உருவும் நிரல். அது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை மட்டும் எடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் நிலையைக் காட்டும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். ஓடிபி கேட்காமலே அவர்களால் உள்ளே வர முடிந்தது அதனால்தான். பிறகு லேப்டாப்பை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். வைரஸ் நீக்கி ஓட்டியதே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

பதினொன்று எப்படித் தப்பின என்றால், அவை உண்மையான வீடியோக் கோப்புகள். பன்னிரண்டாவதில் படமே இல்லை. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசி ஒட்டைத் தானாகவே மறைத்துவிடும். நீங்கள் பார்த்தது எம்பி4 என்று முடியும் பெயர். அதற்கும் பின்னால் ஒரு இஎக்ஸ்இ, அதாவது இயங்கும் நிரலின் ஒட்டு, ஒளிந்திருந்திருக்கும். கூம்புப் படத்தை எந்த நிரலுக்கும் மாட்டிவிடலாம். கடவுச்சொல் போட்ட ரார் எதற்கு என்கிறீர்களா? பூட்டிய பெட்டிக்குள் வைரஸ் நீக்கியால் எட்டிப் பார்க்க முடியாது. நீங்களே பூட்டைத் திறந்து, நீங்களே தட்டியிருக்கிறீர்கள்.

இது புதிய வித்தையும் இல்லை. 2024 ஆகஸ்டில் கூகுளைச் சேர்ந்த மாண்டியன்ட் குழு 'பீக்லைட்' என்ற நிரலைப் பற்றி எழுதியது. திருட்டுப் படம் என்ற பெயரில் வந்த ஜிப் கோப்புக்குள் ஒரு குறுக்குவழிக் கோப்பு. அதைத் தட்டினால் வட்டில் தடம் இல்லாமல் நினைவகத்திலேயே வேலை தொடங்கி, தகவல் உருவும் நிரல்களை இறக்கிக்கொள்ளும். உண்மையான படமே வந்தாலும் கூட வரும் சப்டைட்டில் கோப்பு வழியாகக் கணினியைப் பிடிக்கலாம் என்று 2017இல் செக்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. அப்போது விஎல்சி, கோடி போன்ற பிளேயர்களில் அந்த ஓட்டை இருந்தது, பிறகு அடைத்தார்கள். பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. அந்த லேப்டாப்பில் வாடிக்கையாளர்களின் ஸ்கேன்கள் இருந்தனவா?

வைகைக்கரையான்

இருந்தன. ஆதார், குடும்ப அட்டை, மதிப்பெண் பட்டியல். டெஸ்க்டாப்பில் 'ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டர். எட்டு மாதமாக அழிக்கவில்லை. நீங்கள் கேட்கும்வரை அது என் நினைவிலேயே இல்லை.

நெறியாளர்

ஓர் உறுப்பினர் 'பாதுகாப்பான தளம்' என்று ஒரு சுட்டி கொடுத்திருந்தார். நீக்கிவிட்டேன். விவாதம் தொடரட்டும், சுட்டிகள் வேண்டாம்.

கறார்கணக்கு

வைகைக்கரையானுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் இனி நல்லொழுக்கப் பாடம் எடுக்க வரிசையாக ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் ஐந்து பேர். டிக்கெட் 190 என்று வைத்தால் 950. ஆன்லைன் பதிவுக் கட்டணம் தனி. போக வர ஆட்டோ. இடைவேளையில் பிள்ளைகள் பாப்கார்ன் கேட்டால் அது இன்னொரு டிக்கெட் விலை. இரண்டாயிரத்தை நெருங்குகிறது. நூறு ரூபாயைத் தாண்டிய டிக்கெட்டுக்கு அரசு வேறு 18 சதவீத ஜிஎஸ்டி வாங்குகிறது. நாயகனின் சம்பளமோ கோடிகளில். நான் 340 எம்பி இறக்கினால் யார் வீட்டு அடுப்பு அணைந்துபோகிறது? இறக்காவிட்டாலும் நான் தியேட்டருக்குப் போகப்போவதில்லை. என் கணக்கில் நட்டம் பூஜ்யம்.

பிக்சல்பாண்டி

சென்னையில் டிஐ கூடத்தில் வண்ணம் சரிசெய்யும் வேலை பார்க்கிறேன். அடுப்பு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் இறக்குவது என்ன என்பதை முதலில் பார்ப்போம், யாரும் அதைச் சொல்வதில்லை.

இரண்டரை மணி நேரம் என்றால் 9,000 நொடி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 340 எம்பியை எட்டால் பெருக்கி, அந்த நொடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோபிட். ஒலிக்கு ஐம்பதை ஒதுக்கினால் படத்துக்கு 250. நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஆக, ஒரு சட்டகத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒன்றேகால் கிலோபைட்டைச் சற்றுத் தாண்டும். முழு எச்டி சட்டகத்தில் இருபது லட்சம் புள்ளிகளுக்கு மேல் இருக்கின்றன. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும், கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியைச் சேமிக்க ஒரு சட்டகத்தின் பங்கு போதாது.

ஒப்பிட்டுப் பாருங்கள். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதிக்கு உச்ச வரம்பு நொடிக்கு 250 மெகாபிட். புளூரேயில் படத்துக்கு 40 மெகாபிட் வரை. பர்மா பஜாரில் விற்ற திருட்டு விசிடியில்கூட நொடிக்கு 1,150 கிலோபிட் இருந்தது. விசிடியின் எம்பெக்-1 சுருக்கும் முறை பழையது, 2013இல் வந்த எச்.265 பலமடங்கு கெட்டிக்காரத்தனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் 340 எம்பியில் படம் என்று ஒன்று தெரிகிறது. முந்தைய சட்டகத்திலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் எழுதிக்கொள்ளும். சுவருக்கு முன்னால் இருவர் உட்கார்ந்து பேசினால் செலவு குறைவு. மழை, புகை, திருவிழாக் கூட்டம், காற்றில் அசையும் வயல் என்றால் ஒவ்வொரு புள்ளியும் மாறும். அப்போது பட்ஜெட் பற்றாது. எதையாவது வெட்டியாக வேண்டும்.

முதலில் வெட்டுப்படுவது இருட்டு. இரவுக் காட்சியில் கறுப்புக்கும் அடர்நீலத்துக்கும் இடையில் நாங்கள் நாட்கணக்கில் உட்கார்ந்து பிரித்த படிகள் எல்லாம் நான்கைந்து பட்டைகளாக ஒட்டிக்கொள்ளும். அடுத்தது தோல். முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். ஒலியில் ஐந்து தடத்தைப் பிழிந்து இரண்டாக்கி, அதையும் 48 கிலோபிட்டுக்கு இறக்கும்போது நாதஸ்வரம் தகரத்தில் உரசுகிற சத்தமாகிவிடும். இவ்வளவும் மூலத்திலிருந்து நேரடியாகச் சுருக்கினால். பெரும்பாலும் யாரோ சுருக்கியதை இன்னொருவர் சுருக்கியிருப்பார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று வைகைக்கரையானுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வைகைக்கரையான்

சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாவது படத்தில் ஒரு கிணற்றடிக் காட்சி, இரவு. அப்பா என்னைக் கூப்பிட்டு, "கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்டார். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இருட்டுக்குள் யாரோ பேசினார்கள். "யாரடா அது பேசுவது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அந்தக் காட்சியில்தான் கொலையாளி யார் என்று தெரியுமாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

நெக்கர்கரை

ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். இங்கே வந்து இரண்டாம் மாதம், அறைத்தோழன் என் பெயரில் இருந்த இணைப்பில் ஒரு ஹாலிவுட் படத்தை டோரன்ட்டில் இறக்கினான். சில வாரம் கழித்துத் தபாலில் ஒரு தடித்த உறை. வழக்கறிஞர் அலுவலகக் கடிதம். படத்தின் பெயர், எங்கள் ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்), நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் அச்சாகியிருந்தன. இனிமேல் செய்யமாட்டேன் என்று ஓர் உறுதிமொழித் தாள். கூடவே தொள்ளாயிரம் யூரோவை ஒட்டிய தொகை. என் இரண்டு மாத வாடகைக்கு மேல்.

டோரன்ட்டில் பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. நீங்கள் இறக்கும்போதே இறங்கிய துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். குற்றச்சாட்டு அந்த ஏற்றுதலின் மேல்தான். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் ஐபி தெரியும். படத்தின் உரிமையாளருக்காக வேலை பார்ப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பார். பிறகு நீதிமன்ற ஆணை வாங்கி இணைய நிறுவனத்திடம் பெயரைக் கேட்பார்கள். மாணவர் அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனையில் சொன்னபடி, அவர்கள் அனுப்பிய தாளில் அப்படியே கையெழுத்திடாமல் வாசகத்தைத் திருத்தி அனுப்பினோம். தொகையும் குறைந்தது. தோழன் இன்னும் எனக்குப் பாதி தரவேண்டும். இங்கே படிக்க வருகிற தம்பி தங்கைகள் ஊர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வழக்குரை

நம் ஊர் நிலையைச் சொல்கிறேன். இது பொதுத் தகவல்தான், யாருக்கும் தனி ஆலோசனை இல்லை. 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டம் குறிவைப்பது தியேட்டரில் படம் பிடிப்பவரையும் அதைப் பரப்புபவரையும். குறைந்தது மூன்று மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கிப் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். தமிழ்நாட்டில் 2004 முதல் குண்டர் சட்டத்திலும் 'வீடியோ திருடர்' என்ற பிரிவு இருக்கிறது. மணல் கடத்துபவரைப் போல ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை.

வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்? முடக்கிய தளங்களில் முன்பு 'பார்ப்பதே குற்றம்' என்று ஓர் எச்சரிக்கை வரும். வெறுமனே பார்ப்பது குற்றமாகாது என்று 2016இல் பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனால் இறக்கினால் ஒரு நகல் உருவாகிறது, டோரன்ட் என்றால் பரப்பவும் செய்கிறீர்கள். அங்கே வாதாட நிறைய இருக்கிறது. மெமரி கார்டில் இருபது ரூபாய்க்குப் படம் ஏற்றித் தரும் மொபைல் கடைக்காரருக்கு வாதாட ஒன்றுமில்லை. வைகைக்கரையான், உங்கள் கடை லேப்டாப்பில் அந்தப் படங்கள் இருந்ததைப் போலீசார் பார்த்தால் முதல் சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும்.

இடையில் ஒரு வேடிக்கை. பெயர் தெரியாத எதிராளிக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் ஜான் டோ என்று பெயர். நம் நீதிமன்றங்களில் அவர் அசோக் குமார். 2012இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்காக அசோக் குமார் மேல் வாங்கிய தடையை வைத்து இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுதாக மூடிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் மூட வேண்டும் என்று நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்த வேண்டிவந்தது. திருடனைப் பிடிக்கிறேன் என்று தெருவையே மூடுவது தயாரிப்பாளர் தரப்பின் பழைய வியாதி. அதையும் சொல்லியாக வேண்டும்.

ரீல்பெட்டி

சிறு ஊர்த் தியேட்டரில் ஆபரேட்டராக முப்பது வருடம். கார்பன் குச்சி காலத்திலிருந்து பார்க்கிறேன். இப்போது எல்லாம் சர்வர். கேடிஎம் சாவி வரும், அது எங்கள் கருவிக்கு, அந்த நாட்களுக்கு மட்டும் திறக்கும். டிஜிட்டல் சினிமா விதிப்படி படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் 35 பிட் முத்திரை ஓடும். அதில் 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. கால் மணிக்கு ஒரு முறை நேரக் குறி மாறும். சுருக்கினாலும் அழியாதபடி செய்தது. திருட்டுப் பிரதி வெளியே வந்தால் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று எடுத்துவிடுவார்கள். பழி விழுவது அன்றைக்குப் பெட்டியறையில் இருந்தவன் தலையில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஓட்டை வழியாகப் பார்க்கிறேன். பால்கனி மூன்றாம் வரிசையில் ஒரு பையன். எல்லோரும் பாட்டுக்கு எழுந்து ஆடுகிறார்கள், இவன் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். கொட்டாவி விடும்போதுகூடத் தோள் அசையவில்லை. போய்ப் பார்த்தால் சட்டைப் பையில் மொபைல் நிமிர்ந்து நிற்கிறது, பையில் கத்தரித்த சிறு துளை. பிளஸ் டூ மாணவன். ஏதோ குழுவில் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்களாம். மேலாளர் பதிவை அழிக்க வைத்து, அவன் அப்பாவை வரச்சொல்லி அனுப்பிவிட்டார். போலீசுக்குச் சொல்லவில்லை.

வழக்குரை

ரீல்பெட்டி ஐயா, பதினெட்டு முடிந்த அப்படியொரு பையன் இன்று பிடிபட்டுக் குற்றம் உறுதியானால், குறைந்தபட்சத் தண்டனையே மூன்று மாதமும் மூன்று லட்சமும். ஐந்நூறு தருவதாகச் சொன்னவனின் பெயர் பையனுக்கே தெரிந்திருக்காது. இந்தச் சட்டத்தில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான்.

பிக்சல்பாண்டி

> இறக்காவிட்டாலும் நான் தியேட்டருக்குப் போகப்போவதில்லை. என் கணக்கில் நட்டம் பூஜ்யம்.

அடுப்புக்கு வருகிறேன். கறார்கணக்கு சொல்வதில் பாதி உண்மை. பெரிய நாயகன் படத்தில் என் சம்பளம் வெளியீட்டுக்கு முன்பே வந்துவிடும். நீங்கள் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் என் வீட்டில் உலை கொதிக்கும். நாயகன் வீட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

சிறு படத்தில் கதை வேறு. எங்களுக்கு மூன்று தவணை. கடைசித் தவணை 'ரிலீஸ் முடிந்ததும்'. ஒரு படத்துக்கு முப்பத்தெட்டு இரவு உட்கார்ந்தேன். வெளியான இரண்டாம் நாளே சுருக்கிய பிரதி சுற்றியது. கடைசித் தவணை இன்றுவரை வரவில்லை. தயாரிப்பாளர் திருட்டுப் பிரதியைக் காரணம் சொன்னார். நான் முழுதாக நம்பவில்லை, காலை பத்தரை மணிக் காட்சி மட்டும் கொடுத்தால் எந்தப் படமும் ஓடாது. ஆனால் தொலைக்காட்சி உரிமை பேச வந்தவர், 'ஊரே பார்த்துவிட்டதே' என்று சொல்லி விலையைப் பாதியாகக் குறைத்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். உங்கள் ஒரு இறக்கம் பூஜ்யமாகவே இருக்கட்டும். அவர் காட்டியது எண்ணிக்கையை.

கறார்கணக்கு

சரி, சிறு படத்தை நான் இறக்குவதில்லை.

பிக்சல்பாண்டி

இறக்க மாட்டீர்கள், பார்க்கவும் மாட்டீர்கள். அது இன்னொரு இழை.

பழையகொட்டகை

எல்லோரும் புதுப் படத்தையே பேசுகிறீர்கள். நான் இறக்குவது பழையவற்றை, காசு கொடுக்கத் தயாராக இருந்தும் விற்பனையில் இல்லாதவற்றை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது, அதன் பிரதி இன்று இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் குவியலாக எரிந்தன. உரிமையாளர்களே காப்பாற்றாததை யாரோ ஒருவர் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து, மூலையில் அலைவரிசையின் சின்னத்துடன் 700 எம்பியில் வைத்திருக்கிறார். சில படங்களுக்கு நான் பார்த்தவரை அந்த 700 எம்பி தவிர வேறு பிரதி கிடைக்கவில்லை. அவரைத் திருடன் என்று சொல்ல என் நாக்கு எழாது.

வழக்குரை

சட்டமும் உங்களுக்குக் கொஞ்சம் வழிவிடுகிறது. இந்தியாவில் படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. 1964 வரை வந்த படங்களுக்கு அது முடிந்துவிட்டது. பாட்டு வரிகளுக்குக் கணக்கு தனி, கவிஞர் இறந்து அறுபது ஆண்டு. எழுபதுகளின் படங்களுக்கு இன்னும் பொறுக்க வேண்டும்.

பிக்சல்பாண்டி

பழையகொட்டகை அண்ணா, ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பதை இடம் போதவில்லை என்று மேலும் சுருக்கிவிடாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கே உரிய பொடித் துகளைத்தான் இந்த முறைகள் முதலில் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கும். 700 எம்பியை 700 ஆகவே வைத்திருங்கள். வட்டு இப்போது மலிவு.

ரீல்பெட்டி

அந்தப் பிளஸ் டூ பையன் இப்போது எங்கள் தியேட்டருக்கு எதிரே மொபைல் கடை வைத்திருக்கிறான். மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிறானா என்று நான் கேட்டதில்லை.

வைகைக்கரையான்

ஒரு வாரம் ஆகிவிட்டது. கணினிக்கொத்தன் சொன்னபடி எல்லாம் செய்தேன். மின்னஞ்சல் திரும்பக் கிடைத்தது. 1930 எண்ணுக்குப் பேசி, இணையக் குற்றப் புகாரும் பதிந்தேன். எப்படி வந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். மறுமுனையில் இருந்த அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "எத்தனை எம்பி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஸ்கேன் ஃபோல்டரில் யார் யார் இருந்தார்கள் என்று பில் புத்தகத்தை வைத்துத் தேடினேன். அறுபத்திரண்டு பேர். தொலைபேசி எண் கிடைத்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் ஆதார் நகல் வெளியே போயிருக்கலாம், கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டிவைத்துக்கொள்ளுங்கள், எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், நானே இலவசமாகச் செய்துதருகிறேன் என்றேன். நான்கு பேர் கண்டபடி திட்டினார்கள். இரண்டு பேர் இனி கடைப்பக்கம் வரமாட்டோம் என்றார்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. இன்றுவரை வந்தவர்கள் பதினான்கு பேர்.

நேற்று சாயங்காலம் ஓர் ஆச்சி வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு என்னிடம்தான் விண்ணப்பம் போட்டவர். கைரேகை பூட்டி முடிக்கிறவரை ஸ்டூலில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் முந்தானையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். வேண்டாம் ஆச்சி, தப்பு என்னுடையது, ஒரு சினிமாப் படத்துக்கு ஆசைப்பட்டு வந்த வினை என்றேன்.

ரூபாயை மறுபடி முடிந்துகொண்டே, "அப்படியா, என்ன படம்? நன்றாக இருந்ததா?" என்று கேட்டார்.